சிரிப்புக்குப் பிலிம் இல்லை

ஆவடி,
2.10.93, புரட்டாசி மூன்றாம் சனி

அன்பு மகள் வனஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஜபல்பூரில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று இன்று காலையில்தான் பெருமாளுக்கு மாவிளக்குப் போட்டேன். இங்கே நானும் உன் நைனாவும் தம்பியும் இருக்கிறோம். சுகம் என்று எழுத வேண்டும், அதுதான் வழக்கம், ஆனால் அந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது, ஏன் என்று உனக்கே தெரியும். சொல்ல வேண்டியது இன்லேண்டில் அடங்காது என்று கவர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்று காந்தி ஜெயந்தி, ஃபாக்டரி லீவு, உன் நைனா ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறார், அதை அணைத்தால் விழித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன், அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நைனாவின் ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறேன் என்று உன் தம்பி எழுதினானாம், நீயும் முன்னே பின்னே யோசிக்காமல் என்னைப் பிடித்துக்கொண்டாய். பத்தாவது வரைக்கும் படித்தவள் செய்கிற காரியமா, மூடநம்பிக்கை, சினிமாப் பைத்தியம், இன்னும் என்னென்னவோ. அதெல்லாம் போகட்டும். கடைசியில், உன் பிடிவாதத்தால் நைனாவுக்கு ஏதாவது ஆனால் அதற்கு நீதான் பொறுப்பு என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா. கடிதத்தைப் படி படி என்று அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டு வந்தேன், அந்த வரி வந்த இடத்தில் மட்டும் ஒன்றும் ஓடவில்லை, குட்டிக்கு ஜலதோஷம் என்று நானாகச் சேர்த்துப் படித்துவிட்டேன். உடனே துளசிக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்லி எழுது என்றார். நேற்று வரைக்கும் எழுதிவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உன் தம்பி உனக்கு எழுதியது பாதிக் கதைதான் வனஜா. மீதியை நான் எழுதுகிறேன், படித்துவிட்டு அதற்குப் பிறகு என்னைத் திட்டு.

கோடம்பாக்கத்தில் ஒரு டைரக்டரிடம் நாலாவது அசிஸ்டென்டாக இருந்து, கிளாப் கட்டை அடித்து, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த உன் தம்பி போன தை மாதம் திடீரென்று வெளியே வந்துவிட்டான், அது உனக்குத் தெரியும். இனிமேல் சொந்தமாகப் படம் எடுக்கப் போகிறானாம். யார் முதலாளி என்றால் யாரும் இல்லை. பூந்தமல்லியில் போட்டோ கடை வைத்திருக்கிறானே அப்துல் முத்தலிப், பள்ளிக்கூடத்தில் இவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அவன் கேமராமேன். இவன் டைரக்டர். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் அதுதான் கம்பெனி. சினிமா கேமரா வாடகைக்கு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும், மற்ற நாளில் பெரிய கம்பெனிக்காரர்கள் எடுத்துப்போய்விடுவார்களாம். பிலிமும் புதிதாக வாங்க வழியில்லை. பெரிய படங்களில் எடுத்தது போக மிச்சம் விழுகிற துண்டுகளை அங்கே இங்கே கெஞ்சி வாங்கி டப்பாவில் போட்டு நம் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தான், வீட்டில் அதுதான் குளிர்ச்சியான இடமாம். அரிசி எடுக்கப் போனால் கூட, அம்மா பாத்து, வெளிச்சம் பட்டா எல்லாம் பூடும் என்று ஓடி வருவான். ஸ்டூடியோ எது என்று கேட்கிறாயா, நம் குவார்ட்டர்ஸ்தான்.

கதையைக் கேள். குவார்ட்டர்ஸில் இருக்கிற ஒரு ஃபாக்டரித் தொழிலாளி ரிடையர் ஆக ஒரு வாரம் இருக்கும்போது செத்துப்போகிறான், வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து நிற்கிறது, அவன் குடும்பம் என்ன ஆகிறது என்பதுதான் படம். உன் நைனாவுக்கும் அடுத்த வருஷம் ரிடையர்மென்ட். வேறு கதையே கிடைக்கவில்லையாடா என்று கேட்டேன். தெரிஞ்சதத்தாம்மா எடுக்க முடியும் என்கிறான். அன்றிலிருந்து இந்த வீடு என் வீடு இல்லை. கன்டினியூட்டி என்று ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு வந்திருக்கிறான், எது எது எங்கே இருந்ததோ படம் முடிகிற வரைக்கும் அது அது அங்கேயே இருக்க வேண்டுமாம். தண்ணீர் டிரம்மை நகர்த்தக் கூடாது, ஆடிக்கு வெள்ளையடிக்கக் கூடாது, உடைந்த சுவிட்ச் போர்டை மாற்றக் கூடாது. நைனா அவர் இஷ்டத்துக்கு முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. ஹாலில் தேதி காலண்டரைக் கிழிக்கக் கூடாது, சித்திரையிலிருந்து நம் வீட்டில் ஏப்ரல் பதினெட்டுதான். ராகு காலம் பார்க்க நான் அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

செத்துப்போகிற தொழிலாளியாக நடிக்க அம்பத்தூரிலிருந்து ஒரு நாடகக்காரரைத்தான் முதலில் கூட்டி வந்தான். அவர் வந்த அன்று மத்தியானம் எலுமிச்சம்பழச் சாதத்தைப் பார்த்தார், கம்பெனிச் சாப்பாடு இதுதானா என்று கேட்டார், கை கழுவப் போனவர் அப்படியே பஸ் ஏறிவிட்டார். அவரோடு வந்த கஸ்தூரி என்கிற அம்மா மட்டும் பாவம் என்று தங்கிவிட்டாள், அவள்தான் படத்தில் பெண்டாட்டி. புருஷன் யார் என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கண்ணில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த உன் நைனா பட்டார். எனக்கு இன்னாடா நடிக்கத் தெரியும் என்றார் அவர். நீ நடிக்காத நைனா, சும்மா இரு, அதான் வேணும் என்றான் இவன். அவ்வளவுதான், விழுந்துவிட்டார். வெளியே சிடுசிடுவென்று இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு அந்தக் கட்டம் போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டு தயாராக நிற்பார். சும்மா இருக்க அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா. கேமராவைக் கண்டால் முறைப்பது அவருக்குப் பிறவிக் குணம். எங்கள் கல்யாண போட்டோவில் பார்த்திருப்பாயே, ஸ்டூடியோக்காரனை அடிக்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஃபாக்டரி அடையாள அட்டையிலும் அதே முறைப்பு. இத்தனை வருஷத்தில் அவர் சிரிக்கிற ஒரு படம் இந்த வீட்டில் கிடையாது, இதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள்.

இப்போது நீ மூடநம்பிக்கை என்று எழுதியதற்கு வருகிறேன். அது என் மூளையில் முளைத்தது இல்லை. உன் தம்பி அசிஸ்டென்டாக இருந்தபோது அவனே வந்து சொன்னது. சினிமாவில் யார் பிணமாகப் படுத்தாலும், பெரிய நடிகரோ கூட்டத்தில் படுக்கிறவரோ, அந்தக் காட்சி முடிந்ததும் அவரை எழுந்து உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அதையும் கொஞ்சம் பிலிமில் எடுப்பார்களாம். அது படத்தில் வராது. வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஆனால் எடுக்காமல் ஒருத்தரும் இடத்தை விட்டு நகர மாட்டார்களாம், செத்ததாக எடுத்த கேமராவே அவர் உயிரோடு இருக்கிறார் என்பதையும் எடுத்துவிட வேண்டும். அப்போது நீயும் நானும் இதைக் கேட்டுச் சிரித்தோம். ஊராருக்கு என்றால் சிரிப்புத்தான் வருகிறது. சொந்தப் புருஷனைப் படுக்க வைத்தால் அல்லவா தெரியும்.

சாவுக் காட்சிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று இவனுக்குத் தெரியும், அதனால் திட்டம் போட்டான். ஆவணி முதல் ஞாயிறு, அதற்கு முந்தின நாளே என்னிடம் தேன் ஒழுகப் பேசினான். முத்தலிப் தங்கச்சி ஜுலைகாவுக்கு நிக்காஹ் பேசியிருக்காங்கம்மா, துணி எடுக்க அவங்க அம்மா உன்னைக் கூப்டாங்க, பார்டர் பாக்க உனக்குத்தான தெரியும் என்றான். நானும் நம்பிப் பூந்தமல்லிக்குப் போனேன். முத்தலிப்பின் அம்மா அஷ்ரஃபுன்னிசாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமே இல்லை. கடைக்குப் போகலாமா என்றால் டீ குடி என்கிறாள், டீ குடித்தால் சேமியா சாப்பிடு என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தையே பார்க்கிறாள். நான் எழுந்து செருப்பை மாட்டியதும் கையைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் இரு பஞ்சு, புள்ளைங்க என்கிட்ட சத்தியம் வாங்கிகினு போயிருக்குதுங்க என்றாள். என்ன சத்தியம் என்று கேட்டால் மறுபடியும் டீ குடி என்றாள். இவன் யாரோ ஒரு பெண்ணைக் கூட்டி வந்து திருட்டுக் கல்யாணம் பண்ணுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அடித்துப் பிடித்து ஆவடி பஸ் ஏறினேன்.

நம் தெருவுக்குத் திரும்பும்போதே மேளம் கேட்டது. கல்யாண மேளம் இல்லை அது. நம் வாசலில் சாமியானா, பச்சை மூங்கில், நெருப்புச் சட்டி, தெரு முழுக்க ஜனம். எதிரே நைனா செக்‌ஷனில் இருக்கிற அய்யாசாமி, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர், கையில் பெரிய சம்பங்கி மாலையோடு நிற்கிறார். செங்கல்வராயன் போய்ட்டாராம் என்று யாரோ ஃபாக்டரி கேட் வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார்கள், அவரும் நம்பி ஓடி வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, அண்ணி, அண்ணன் இப்டி வுட்டுட்டுப் பூட்டாரே என்று அழுதார். அதற்குப் பிறகு எனக்குத் தெரு தெரியவில்லை வனஜா. உள்ளே பெஞ்சில் உன் நைனா கிடந்தார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. தலைமாட்டில் கஸ்தூரி இருந்தாளாம், விளக்கு எரிந்ததாம், முக்காலி மேல் கேமரா இருந்ததாம், நான் எதையும் பார்க்கவில்லை. என்ன சொல்லி அழுதேன் என்றும் தெரியாது. அவர் மேல் விழுந்தேன், அது மட்டும் தெரியும்.

கண்ணைத் திறந்தபோது முகமெல்லாம் தண்ணீர். உன் நைனா மூக்குப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார். இன்னாம்மே, நான் இங்கதான கீறேன், இன்னாத்துக்கு ஊரைக் கூட்டுற என்றார். எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை. என் பிள்ளை எங்கே என்று பார்த்தேன். என் பக்கத்தில்தான் நின்றான். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. முத்தலிப்பைப் பார்த்து, எடுத்தியாடா என்று கேட்டான். அம்மா பிழைத்தாளா என்று கேட்கவில்லை வனஜா, எடுத்தியாடா என்று கேட்டான். அதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். முத்தலிப்புக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. ஓடிக்கினுதான் இருந்துச்சு மச்சான், நான் அப்டியே வுட்டுட்டு அம்மாவுக்குத் தண்ணி எடுக்க ஓடிட்டேன், துண்டு மொத்தமும் ஓடிப்போச்சு என்றான். அதுதான் கடைசித் துண்டு. அழுகைக் காட்சி கொஞ்சம் எடுத்துவிட்டு, மீதியை நைனாவின் சிரிப்புக்கு என்று வைத்திருந்தார்களாம். நான் குறுக்கே விழுந்ததில் எல்லாம் போய்விட்டது. டப்பாவில் இனி ஒரு முழம் கூட இல்லை என்று இவன் சொன்னபோது, என் புருஷனைச் சாகடிக்க மட்டும் பிலிம் இருந்ததா என்று கேட்டேன். அய்யாசாமி அந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் இருட்டுகிற வரைக்கும் வாசலில் நின்றார். உயிரோடு இருக்கிறவருக்குப் போட முடியாது, வீட்டுக்கும் எடுத்துப் போக முடியாது, கடைசியில் ஏரியில் விட்டுவிட்டுப் போனாராம்.

அதோடு விட்டானா. நான் அழுததைப் படத்தில் வைக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தான். யாராலயும் இப்டி அழ முடியாதும்மா, எத்தினி நாடகக்காரியக் கூட்டினு வந்தாலும் வராது என்கிறான். கஸ்தூரிதான் பெண்டாட்டி, அப்போது நான் யாரடா என்று கேட்டேன். நீ செத்தவரோட தங்கச்சி, ஊர்லேந்து வந்து உழுந்து அழுவுற என்கிறான். கேட்டுக்கொண்டாயா. என் புருஷனுக்கு என்னைத் தங்கச்சி ஆக்குகிறான் நான் பெற்ற பிள்ளை. அந்தத் துண்டைக் கொளுத்து, கொளுத்தினால்தான் உனக்குச் சோறு என்றேன். அவன் முத்தலிப் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

அடுத்த வாரமே உன் நைனா ஷிப்டுக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஃபாக்டரி டாக்டர் எழுதிக் கொடுத்து, பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால், இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, நெஞ்சைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். இவ நெஞ்சு மேல உழுந்து உழுந்து அடிச்சதுலதான் சார் அடைச்சிகிச்சு என்று அவர் டாக்டரிடமே சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, இது பல வருஷமாகச் சேர்ந்தது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்ததாகப் படம் பிடித்து அப்படியே விட்டுவிட்டார்கள், அடுத்த வாரம் நெஞ்சைத் திறக்கச் சொல்கிறார்கள், என் இடத்தில் யார் இருந்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். பேப்பரை நீட்டி இங்கே கையெழுத்து என்றார்கள். அவர் பிலிமில் சிரிக்கட்டும், அதற்குப் பிறகு போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சின்ன வயசு டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத்தான் நீ உன் கடிதத்தில் எழுத்தாகவே எழுதி அனுப்பிவிட்டாய். எனக்குப் பயம் வனஜா. பிடிவாதம் இல்லை, பயம். அதை எங்கே போய் யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

முத்தலிப்புக்கு மனசு கேட்கவில்லை. கல்யாண வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, இதுல எடுத்துக்கலாம்மா, நைனா எவ்ளோ நேரம் வேணா சிரிக்கலாம் என்றான். செத்தது பிலிமில், சிரிக்கிறதும் பிலிமில்தான் என்றேன். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கோடம்பாக்கம் முழுக்க அலைந்து, யாரோ ஒரு புண்ணியவானிடம் ஒரு சின்னத் துண்டு வாங்கி வந்தான். போன மாதம் ஒரு ஞாயிறு, அதே பெஞ்சு, அதே லுங்கி. பூசணிக்காய் கூட வாங்கி வைத்தேன். நாங்கள் எல்லோரும் கேமராவுக்குப் பின்னால் நின்றோம். அய்யாசாமி ஃபாக்டரிக் கதையெல்லாம் சொன்னார், உன் தம்பி குரங்கு மாதிரி குதித்தான், நான் சிரியுங்கள் சிரியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். உன் நைனா தாசில்தார் மாதிரி முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். துண்டு ஓடி முடிந்த பிறகு, சிரிப்பு வந்தாத்தான சிரிக்கறது, இன்னா மிஷினா, சுச்சு போட்டா ஓடறதுக்கு என்றார். அந்தப் பூசணிக்காயை அவர் தலையில் உடைத்திருப்பேன், நெஞ்சு வலிக்காரர் என்று விட்டுவிட்டேன். சமையலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சிரிக்க வேண்டிய நேரத்தில் ஒரு மனிதர் சிரிக்கக் கூடாதா. அப்போதுதான் உன் தம்பி உனக்குக் கடிதம் எழுதினான்.

இனிமேல் நடந்ததுதான் உனக்குத் தெரியாதது. எடுத்த பிலிமைக் கழுவக் கூட வழியில்லாமல் எல்லாம் டப்பாவிலேயே கிடந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு முத்தலிப் காட்டுப்பாக்கம், நசரத்பேட்டை என்று ஓடி ஓடிக் கல்யாண வீடியோ எடுத்தான், வந்ததை லேபில் கட்டினான், எல்லாம் மொத்தமாகக் கழுவி வந்தது. உன் கடிதம் வந்ததற்கு மறுநாள், சாலிகிராமத்தில் படம் ஒட்டுகிற அறைக்குப் போகிறோம் என்றார்கள். நானும் வருவேன் என்று கிளம்பிவிட்டேன். அந்த முறைப்பில் சிரிப்பு மாதிரி உதட்டில் ஒரு சுளிப்பாவது இருக்காதா, அதை வைத்துக்கொண்டாவது கையெழுத்துப் போட்டுவிடலாமே என்றுதான். உன் வரி என்னை அவ்வளவு உலுக்கியிருந்தது. சின்ன அறை, மேஜை மேல் ஒரு மிஷின், அதில் கண்ணாடி மாதிரி ஒரு குட்டித் திரை. முதலில் அந்த முறைப்பு ஓடியது. ஒரு சுளிப்பும் இல்லை, கல்லு. அடுத்த துண்டை மாட்டும்போது உன் தம்பி, அம்மா, நீ கொஞ்சம் வெளில நில்லேன் என்றான். மாட்டேன் என்றேன்.

சத்தம் கிடையாது, பேச்சையெல்லாம் பிறகுதான் சேர்ப்பார்களாம், அந்த மட்டும் புண்ணியம். வேம்புலியம்மாள் மார் மாரென்று அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள், அவள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிறவள், நிஜச் சாவுக்கெல்லாம் பாடுகிறவள். கஸ்தூரி அழகாக அழுகிறாள். அப்போது கதவுப் பக்கத்திலிருந்து தலைவிரி கோலமாக ஒரு பொம்பளை வந்து விழுந்தாள். யார் இது என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை. வாய் திறந்து திறந்து மூடுகிறது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஜனம் எல்லாம் ஓடி வந்து சூழ்ந்துகொண்டது, உன் தம்பி முதுகு, முத்தலிப் குறுக்கே ஓடுகிறான், கேமராவுக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வேம்புலியம்மாள் கையைத் தூக்கினாள், அந்தப் பச்சை வளையலுக்குக் கீழே இருந்த இடைவெளியில் உன் நைனா கண்ணைத் திறந்தார்.

எழுந்து உட்கார்ந்தார். காலைக் கட்டியிருந்ததால் இறங்க முடியவில்லை, என் தலையைப் பிடித்துத் தூக்கப் பார்க்கிறார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் நெஞ்சிலேயே அடித்துக்கொண்டிருக்கிறேன். ஏதோ சொல்கிறார், நான் கேட்கவில்லை, மறுபடி சொல்கிறார், மறுபடியும் அடிக்கிறேன். சுற்றி நிற்கிறவர்களை ஒரு முறை பார்த்தார், என்ன செய்வது இவளை என்கிற மாதிரி. சிரித்துவிட்டார். வனஜா, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஒரு மூக்கில் பஞ்சு இருக்கிறது, இன்னொரு மூக்குப் பஞ்சு சிரிப்பில் பறந்து போய்விட்டது, நெற்றிக் காசு விழுந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வேறு. என் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். அதோடு திரை வெள்ளையாகிவிட்டது, துண்டு முடிந்துவிட்டது. முத்தலிப் மிஷினை நிறுத்திவிட்டு யா அல்லாஹ் என்றான். இந்தத் தடவை உன் தம்பி முத்தலிப்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். ஸாரிம்மா என்றான். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது, ஆனால் கோபம் முழுதாகப் போகவில்லை, அதனால் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

அங்கேயே பேசி முடித்துவிட்டேன். அழுகையை நீ வைத்துக்கொள், சிரிப்பை எனக்குக் கொடு என்றேன். தங்கச்சி என்று மட்டும் படத்தில் ஒருத்தர் வாயிலும் வரக் கூடாது. அவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து என் அழுகை முடிகிற இடத்தில் வெட்டி, மீதியைச் சுருட்டி என் கையில் கொடுத்தான். ஒரிஜினல் லேப்ல பத்திரமா கீதும்மா, எங்கயும் பூடாது என்றான். எங்கே இருந்தால் என்ன, எனக்குக் கையில் வேண்டும். வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் சொன்னால், நானா சிரிச்சேன், போம்மே என்கிறார். பல்பு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டு, முடி வெட்டாம எப்டிக் கீறேன் பாரு என்றார், அவ்வளவுதான். அன்று என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஞாபகம் இல்லையாம்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாளய பட்சம் பிறந்துவிட்டது, நல்ல காரியத்துக்கு ஆகாது என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை சேர்க்கிறார்கள், புதன்கிழமை ஆபரேஷன். தபாலாபீஸ் இன்றைக்கும் நாளைக்கும் கிடையாது, திங்களன்று போகும் வழியில் இதைப் போடுகிறேன், உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். முடிந்ததும் தம்பி அடுத்த வீட்டு போனிலிருந்து மாப்பிள்ளை ஆபீசுக்குச் சொல்லுவான். லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இடார்சியில் ரயில் மாறி அலையாதே. வந்தால் அந்தக் காலண்டரில் கை வைக்காதே, படத்துக்கு இன்னும் இரண்டு காட்சி பாக்கி இருக்கிறதாம், எனக்கு வருகிற எரிச்சலுக்கு அளவே இல்லை. அங்கே குளிர் தொடங்குமே, குட்டிக்குக் காதை மூடி ஸ்வெட்டர் போடு. ஜலதோஷம் இல்லாவிட்டாலும் ஒரு வேளை துளசிக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிடு, அவர் கேட்டால் நான் பொய் சொல்லாமல் பதில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் விசாரிப்பைச் சொல். எல்லோரும் தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு, மனசில் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் செய்கிறேன். உன் கடிதத்தில் அந்த வரி இருந்த இடத்தை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன், மற்றது பத்திரமாக இருக்கிறது.

கவருக்குள் வெள்ளைத் தாளில் சின்னதாக ஒன்று மடித்து வைத்திருக்கிறேன், குப்பை என்று உதறிவிடாதே. சுருளிலிருந்து ஒரே ஒரு கட்டத்தை உனக்காக வெட்டினேன். நடுவில் விரல் படாமல் ஓரத்தில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார். முதுகைக் காட்டிக்கொண்டு அடிக்கிறவள் நான். சிரிக்கிறவர் உன் நைனா.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. பஞ்சவர்ணம்